தாய்மார்களைக் கேட்டுத் திட்டமிடுவோம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நம் சங்கம் பக்கத்துக் கிராமங்களில் கைக்குழந்தைகளுக்கான ஊட்டச்சத்துத் திட்டம் ஒன்றைத் தொடங்கலாம் என்று பேச்சு நடக்கிறது. நல்ல காரியம். "இன்ஜினீயருக்கும் சத்துமாவுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று நண்பர்கள் கேட்டார்கள். சம்பந்தம் இருக்கிறது. மண்ணைப் பரிசோதிக்காமல் நாம் அஸ்திவாரம் போடுவதில்லை. இங்கே மண் பரிசோதனை என்பது, அந்த ஊர்த் தாய்மார்களிடம் போய் உட்கார்ந்து கேட்பதுதான்.

நம் மாநிலத்துக்கு இதில் நல்ல அனுபவம் உண்டு. 1980-ல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். மிகவும் மெலிந்த குழந்தைக்கும், எடை சரியாக ஏறாத குழந்தைக்கும் 90 நாள் சத்துருண்டை. தேறியதும் நிறுத்திவிடுவார்கள். எடை போட்டவர் வெளியூர் அதிகாரி இல்லை, உள்ளூர்ப் பெண். எடை அட்டையில் கோடு இறங்கினால், காரணம் பேதியா, அம்மா நடவுக்குப் போய்விட்டாளா, அடுத்த பிள்ளை பிறந்துவிட்டதா என்று அவருக்குத்தான் தெரியும். பல ஊர்களில் பெண்கள் குழுக்களே கூடிச் செயல்பட்டன.

நாமும் முதலில் சில கேள்விகளோடு போவோம். எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறீர்கள்? காலை ஏழு மணிக்கே காட்டுக்குப் போகிற தாயிடம் பத்து மணிக்குப் பிள்ளையைக் கூட்டிவா என்றால் எப்படி வருவாள்? பகலில் பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? பாட்டி என்றால், செய்முறையைப் பாட்டிக்கும் சொல்லித்தர வேண்டும். மாவை வீட்டுக்குக் கொடுத்தால் யார் யார் சாப்பிடுவார்கள்? நாலு பிள்ளை உள்ள வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் ஊட்ட எந்தத் தாய்க்கும் மனசு வராது. அளவு போடும்போதே அதையும் கணக்கில் சேர்க்கணும். கேழ்வரகு, கம்பு, பொட்டுக்கடலை, வெல்லம், முருங்கைக்கீரை இவற்றில் எது, எந்த மாதம், என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்த கணக்குதான்.

இன்னொன்றைக் கூச்சப்படாமல் சொல்கிறேன். ஊர்ப் பெரியவர்கள் காட்டுகிற இடத்திலேயே மையம் வைத்தால், காலனிப் பிள்ளைகள் உள்ளே வருவார்களா என்று பார்க்க வேண்டும். யாருக்கு அதிகம் தேவையோ, அந்தப் பிள்ளை வாசலிலேயே நின்றுவிடக் கூடாது. எனவே காலனித் தாய்மார்களிடம் அவர்கள் தெருவிலேயே, ராத்திரி சமையல் முடிந்தபிறகு, தனியாகக் கேளுங்கள். மாமியார் இருக்கும் இடத்தில் மருமகள் வாய் திறக்கமாட்டாள். அவளையும் தனியாகக் கேளுங்கள்.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் இரண்டு. திட்டக் குழுவில் பாதிப்பேர் அந்த ஊர்ப் பெண்களாக இருக்கட்டும். அவர்கள் பேசி முடிக்கும்வரை பட்ஜெட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். மாணவத் தம்பி தங்கைகள் இந்த விடுமுறையிலேயே அந்த வேலையைத் தொடங்கலாம். கூட வர நான் தயார்.