அளவெடுத்துச் செய்த துப்பாக்கி

(முன்னாள் மாணவர் சந்திப்பில், இயந்திரவியல் துறைப் பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அமெரிக்க அனுபவம் ஏதாவது பேசுப்பா" என்றார் நம் சங்கச் செயலாளர். துப்பாக்கி விலையைப் பற்றிப் பேசுகிறேன் என்றதும் கொஞ்சம் தயங்கினார். பயப்படாதீங்க, இது நான் தப்புக் கணக்குப் போட்ட கதை.

பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தேன். நவம்பர் கடைசியில் அங்கே மான் வேட்டைக் காலம். அப்போதெல்லாம் அது தொடங்கும் நாளில் கிராமப்புறப் பள்ளிகள் பலவற்றுக்கு விடுமுறையே விட்டார்கள். எங்கள் லேத் பிரிவு ஃபோர்மேன் பெரிய வேட்டைக்காரர். நெட்டையான மனிதர், இடக்கைக்காரர். அவரிடம் அப்பா விட்டுப்போன வின்செஸ்டர் மாடல் 70 ரைஃபிள் ஒன்று இருந்தது. அது வலக்கைக்காரர்களுக்காகச் செய்தது. ஒவ்வொரு தடவையும் கையைக் குறுக்கே கொண்டுபோய்த்தான் போல்ட்டை இழுக்க வேண்டும். பொறுத்துப் பார்த்துவிட்டு, 1990இல் தமக்கென்றே ஒன்று செய்யக் கொடுத்தார்.

நம்ம தையல்காரர் வேலை மாதிரிதான். விசையிலிருந்து தோள்வரை அளவு, கன்னம் பதியும் இடத்தின் உயரம், எல்லாம் பார்த்தார்கள். வால்நட் மரத்தில் கட்டை செதுக்கினார்கள். போல்ட் இடப்பக்கம். தோட்டாவும் தனி ரகம். எந்தக் கம்பெனியும் தயாரிக்காத அளவு. 'வைல்ட்கேட்' என்பார்கள். பித்தளைக் கூட்டை மாற்றி வடித்து, மருந்து நிரப்புவதெல்லாம் அவரே செய்துகொள்ள வேண்டும். பில்லைப் பார்த்தால் ஒரு பழைய கார் வாங்கும் பணம்! அவர் யோசித்தார். "தரமான வேலைக்கு விலை ஏறுமே தவிர இறங்காது" என்று தைரியம் சொன்னது நான்தான். எஞ்சினியர் சொன்னால் நம்பத்தானே செய்வார்கள்?

2007இல் அவர் காலமானார். மருத்துவச் செலவில் கடன். இரண்டு துப்பாக்கிகளையும் விற்க, அவர் மனைவி என்னைத் துணைக்கு அழைத்தார்.

கடைக்காரர் முதலில் வின்செஸ்டரின் தொடர் எண்ணைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. மாடல் 70 என்பது 1936இல் வந்த ரைஃபிள். செலவைக் குறைப்பதற்காக 1964இல் கம்பெனி அதன் அமைப்பை மாற்றியது. தோட்டாவின் பின்விளிம்பைப் பிடித்தபடியே உள்ளே செலுத்தும் பெரிய கொக்கி போயிற்று. கட்டையில் வெட்டிப் போட்ட கட்டக்கோடுகளுக்குப் பதிலாக அச்சில் அழுத்திய கோடுகள் வந்தன. அதனால் '64க்கு முந்தியதா?' என்பதுதான் அங்கே முதல் கேள்வி. இது முந்தியது, யாரும் கைவைக்காத அசல் நிலை, எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும்.30-06 தோட்டா. 'புளூ புக்' என்று துப்பாக்கி விலைகளுக்கென்றே ஒரு தடித்த புத்தகம் உண்டு. அதைப் புரட்டிப் பத்து நிமிடத்தில் நல்ல விலை சொல்லிவிட்டார்.

அடுத்ததைத் தோளில் வைத்துப் பார்த்தார். "அழகான வேலை" என்றார். பிறகு கேள்விகள். செய்தது யார்? குழலில் பெயர் இல்லை, ரசீதும் இல்லை, செய்தவரும் உயிரோடு இல்லை. எத்தனை தோட்டா சுட்டிருக்கிறது? சுடச்சுடக் குழலின் உட்புறம் தேயுமே! தோட்டா அறையைச் சரியான அளவில் வெட்டியதற்கு என்ன அத்தாட்சி? அது பிசகினால் சுடுகிறவர் முகத்துக்கே ஆபத்து. புளூ புக்கில் இதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. கடைசியில் அவர் சொன்னது, போட்ட பணத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பெயர்பெற்ற பட்டறை என்றால் கதை வேறு. 1923இல் நியூயார்க்கில் தொடங்கிய கிரிஃபின் அண்டு ஹோவ் செய்து கொடுத்த ரைஃபிளை எழுத்தாளர் ஹெமிங்வேயே வைத்திருந்தார். அந்த முத்திரை இருந்தால் வாங்குகிறவர்கள் தேடி வருவார்கள். இன்னொரு பக்கமும் உண்டு. உலகப் போருக்குப் பின் ராணுவம் கழித்த ஸ்பிரிங்ஃபீல்டு 1903 ரைஃபிள்களை மலிவாக வாங்கி, கட்டையைக் குறைத்து, தொலைநோக்கி மாட்ட ஓட்டை போட்டுத் தம் வசதிக்கு மாற்றிக்கொண்டார்கள் பலர். இன்று சேகரிப்பாளர்கள் அதிகம் கொடுப்பது கைபடாத அசலுக்குத்தான்.

தொழிற்சாலைப் பொருளுக்கு மாதிரி எண் உண்டு, தொடர் எண் உண்டு, பொது அளவு உண்டு. முன்பின் தெரியாதவனும் நம்பி வாங்கலாம். அளவெடுத்துச் செய்ததில் நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணம் நம் தோளுக்காகக் கொடுப்பது. அடுத்தவன் தோளுக்கு அது எதற்கு? இந்தச் சின்ன விஷயம் எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா சொன்னார்: "பதினாறு வருஷம் அதைத் தோளில் வைக்கும்போதெல்லாம் அவர் சிரிச்சார். விக்கிறதுக்காகவா வாங்கினார்?" ஆனாலும் கடன் இருந்ததே! பிரித்து விற்றால் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும் என்றார் கடைக்காரர். போல்ட்டோடு கூடிய நடுப்பகுதி ஒருவருக்கு, தொலைநோக்கி இன்னொருவருக்கு என்று போயிற்று. கட்டையை மட்டும் யாரும் கேட்கவில்லை. அதை எனக்கே கொடுத்துவிட்டார். இன்று வீட்டில் புத்தக அலமாரிக்கு மேல் இருக்கிறது. ஒருமுறை தோளில் வைத்துப் பார்த்தேன். எனக்கு நீளம், கன்னமும் பதியவில்லை.

மாணவத் தம்பி தங்கைகளே, ஆசைப்பட்டதை உங்கள் அளவுக்கே செய்துகொள்ளுங்கள், தப்பில்லை. அந்தக் காசு திரும்பி வரும் என்று மட்டும் கணக்குப் போடாதீங்க. செய்தவர் பெயரையும் ரசீதையும் பத்திரமாக வையுங்கள். முக்கியமாக, உங்களுக்குத் தெரியாத சந்தையைப் பற்றி, படிப்பை நம்பி உங்களிடம் கேட்கிறவருக்குத் தைரியம் சொல்லாதீர்கள். இந்தக் கல்லூரியில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் மதிப்பீடும் செலவுக் கணக்கும். அதில் முதல் வகுப்பு வாங்கியவன் சொல்கிறேன்.