குதிரும் ரேசன் பையும்



எங்கப்பா காலத்தில் வீட்டு மூலையில் குதிர் இருந்தது. ஒரு வருசம் மழை ஏமாற்றினாலும் கூழுக்குப் பஞ்சமில்லை. இன்று நான் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிவிட்டு, பையோடு ரேசன் கடை வரிசையில் நிற்கிறேன். போன தடவை வந்த காசு பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்குமே பத்தவில்லை.

ரேசன் அரிசியைக் குறை சொல்ல வரலை. 2011 ஜூனிலிருந்து விலையில்லாமல் வரும் அந்த அரிசி இல்லையென்றால் நம்மில் பல வீட்டில் உலை கொதிக்காது. ஆனால் வெறும் சோறு போதுமா? என் பேத்திக்கு ரத்தசோகை என்று நர்சம்மா சொன்னபோது, உழுது விதைக்கிற எனக்குத் தலை குனிந்துபோச்சு.

வேடசந்தூர், குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரிக் காட்டில் இப்பவும் சோளம் விதைக்கிறோம். பாதியை மாட்டுக்குத் தட்டையாக அறுத்துவிடுகிறோம். கதிருக்கு விலை எங்கே இருக்கு?

2023-ல் நீலகிரி, தருமபுரி ரேசன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? நம்ம சோளத்தையும் கம்பையும் கட்டுபடியான விலைக்கு அரசே கொள்முதல் செய்து, நம்ம ஊர்க் கடையிலேயே போடட்டும்.

திண்டுக்கல் கலெக்டர் ஆபீசுக்கு வரும்போது ஆளுக்கு ஒரு படி சோளம் கொண்டு வாருங்கள். விதைச் சோளத்தில் கை வைக்காதீர்கள். இல்லாதவர்கள் காலிப் படியோடு வந்தாலும் போதும்.