கண்மலரும் கணினியும்



காளத்திநாதரின் கண்ணில் குருதி பெருகக் கண்ட திண்ணனார் தம் கண்ணையே அகழ்ந்து அப்பினார், கண்ணப்பர் ஆனார். கண்நோய் தீர்ந்தவர் மாரியம்மன் சந்நிதியில் வெள்ளிக் கண்மலர் செலுத்தும் வழக்கம் இன்றும் உண்டு. கண்ணின் அருமையைத் தமிழருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் வலியோ சிவப்போ இன்றிப் பார்வையைப் பறிக்கும் நோய் ஒன்று உண்டென்பதைப் பலர் அறியார்.

நீரிழிவின் விளைவு அது. இரத்தத்தில் சர்க்கரை பல்லாண்டுகள் மிகுந்திருப்பின், விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நலிந்து கசியத் தொடங்கும். அப்போதும் பார்வை தெளிவாகவே இருக்கும். மங்கல் தோன்றும் வேளையில் நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். சிங்கப்பூரின் 2010ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வில், 18 முதல் 69 வயது வரையுள்ளோரில் 11.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு காணப்பட்டது. இந்தியரிடையே அது 17.2 விழுக்காடு. ஆலயத்துச் சர்க்கரைப் பொங்கலின்மேல் பழி சுமத்துவோர் உளர். அது ஆண்டில் சில நாள்களே; நாள்தோறும் மும்முறை அருந்தும் தே தாரிக்கைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை!

அதே 2010இல் சிங்கப்பூரில் ஒருங்கிணைந்த விழித்திரைச் சோதனைத் திட்டம் தொடங்கப்பெற்றது. முன்னர், பலதுறை மருந்தகத்தில் எடுத்த கண்படத்தை அங்குள்ள மருத்துவரே தம் பணிகளுக்கிடையே பார்த்தாக வேண்டும். முடிவு வர வாரங்கள் ஆகும். இத்திட்டத்தில் படம் கணினி வழியே தனியொரு வாசிப்பு நிலையத்தை அடைகிறது. அதற்கெனவே பயிற்சி பெற்றோர் ஆராய்ந்து, பெரும்பாலும் ஒரு மணி நேரத்திற்குள் முடிவை அனுப்புகின்றனர். தேவையுள்ளோர் மட்டும் கண் மருத்துவரிடம் செல்கின்றனர். ஏனையோர்க்கு வீண் அலைச்சல் இல்லை.

படத்தைத் தானே படிக்கும் 'செலீனா' என்னும் கணினி முறையும் சிங்கப்பூரிலேயே உருவாயிற்று. பல இன மக்களின் படங்களைக் கொண்டு சோதித்த முடிவுகள் 2017இல் வெளிவந்தன. மேல்சிகிச்சை வேண்டிய நிலையிலிருந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழத் தொண்ணூறு பேரை அது சரியாகக் கண்டது. எஞ்சிய பத்துப் பேர்? அவர்களை எண்ணியே மனிதக் கண் இன்னும் தேவைப்படுகிறது.

கணினியில் ஏறிய விவரம் பிறர் கையில் சிக்காதோ என்னும் அச்சமும் நியாயமானதே. 2018இல் சிங்ஹெல்த் கணினிகளுள் ஊடுருவியோர் 15 இலட்சம் பேரின் சொந்த விவரங்களைக் களவாடினர். அவ்விவரங்களைக் காப்பது அவற்றைச் சேர்த்து வைத்திருப்போரின் கடன். ஆனால் அதனைக் காரணம் காட்டிக் கண்ணைச் சோதிக்காதிருப்பவர் தம் கண்ணையே பணயம் வைக்கிறார்.

எத்துணைக் கூரிய கருவியாயினும் வராத கண்ணை அது பார்க்க இயலாது. பேரனின் பள்ளிக்கும் மகளின் பேறுகாலத்திற்கும் நாள் தவறாத மூதாட்டி, தமக்குக் குறித்த நாளை மட்டும் "கண் நன்றாகத்தானே தெரிகிறது" என்று தள்ளிப்போடுகிறார். படமெடுக்கச் சில நிமிடங்களே ஆகும். சிலருக்குக் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து இடுவர்; சில மணி நேரம் பார்வை மங்கும். ஆதலின் அன்று மகனோ மகளோ உடன் செல்லுதல் நன்று; கருப்புக் கண்ணாடி ஒன்றும் கையில் இருக்கட்டும்.