உம்மா வழுக்கி விழுந்தால்

உடம்பிலுள்ள 206 எலும்புகளில் 126, கை கால்களுக்கும் அவற்றை உடலோடு பிணைக்கும் தோள், இடுப்பு வளையங்களுக்கும் உரியவை. நாம் தக்பீர் கட்டக் கையை உயர்த்தும்போது அசைகிற தோள்பட்டை எலும்பு பெரும்பாலும் தசையில்தான் தொங்குகிறது. அதை நெஞ்செலும்போடு சேர்ப்பது காறை எலும்பு ஒன்றே. இடுப்பு அப்படியில்லை. முதுகெலும்பின் அடியோடு இறுகப் பிணைந்து பாரம் சுமக்கிறது. அந்தப் பாரம் காலுக்கு இறங்கும் வழியில் தொடை எலும்பின் கழுத்து ஒடுங்கியிருக்கிறது. வயதானவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அடிக்கடி முறிவது அங்கேதான்.

சுபுஹுக்கு இருட்டில் எழுந்து, ஒளுச் செய்த ஈரத்தில் வழுக்கி விழுந்த எத்தனை தாய்மார்களைப் பார்த்துவிட்டோம்! எழ முடியாமல், ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் முறிவு என்றே கொள்ளுங்கள். எண்ணெய் போட்டு இழுக்க வேண்டாம். நடக்க வைத்துப் பார்க்கவும் வேண்டாம். அசைக்காமல் 108-ஐ அழையுங்கள்.

“வயசாயிடுச்சு, ஆபரேஷன் எதுக்கு?” என்று பிள்ளைகள் கூடிப் பேசியே நாலு நாளைப் போக்கிவிடுகிறார்கள். எங்களுக்கு வருத்தம் இதில்தான். வயதானதால்தானே அவசரம்! படுத்தே கிடந்தால் படுக்கைப்புண்ணும் நெஞ்சுச்சளியும் வரும். பெரும்பாலோருக்கு ஓரிரு நாளில் அறுவை செய்து, மறுநாளே எழுப்பி நிறுத்துவதுதான் இன்றைய மருத்துவ முறை. தொழுகையைப் பற்றிக் கலங்க வேண்டாம். நிற்க முடியாதவர் உட்கார்ந்தோ படுத்தோ தொழ மார்க்கம் இடம் தந்திருக்கிறது.

இன்று வீட்டுக்குப் போனதும், ஒளுச் செய்யும் இடத்தில் ஒரு கைப்பிடிக்கும், போகும் வழியில் ஒரு சின்ன விளக்குக்கும் ஏற்பாடு செய்யுங்கள். வாக்கர் வேண்டுவோர் நம் டிரஸ்ட் அலுவலகத்தில் கேளுங்கள். வேலை முடிந்ததும் மறக்காமல் திருப்பித் தாருங்கள். அடுத்த வீட்டு உம்மா காத்திருப்பார்.