எலும்பு உரைக்கும் களிறும் பிடியும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையூர்களில் வாழும் நமக்கு, கிழக்கே தோன்றும் அகத்தியமலை அயலானதன்று. 1956 இல் விளவங்கோடு தமிழகத்தையும், நெய்யாற்றின்கரை கேரளத்தையும் சார்ந்தன. மலையில் உலவும் யானையோ அந்த எல்லையை அறியாது. 1958 இல் அமைந்த நெய்யாறு வனவிலங்குப் புகலிடமும் அதன் உறைவிடமே. அங்கே ஒரு யானை மடிந்து எலும்பு மட்டும் எஞ்சினால், அது களிறா, பிடியா என எங்ஙனம் அறிவது?

தந்தமே போதிய சான்று என எண்ணுவோர் உண்டு. நம் நாட்டுப் பிடிக்கு நீண்ட தந்தம் இல்லை என்பது மெய்யே. ஆயினும் தந்தமற்ற களிறும் உண்டு. அதனை மக்னா என்பர், மலையாளத்தார் மோழை என்பர். இலங்கையிலோ பெரும்பாலான களிறுகள் தந்தமற்றவையே. ஆகவே தந்தமின்மை பிடிக்குச் சான்றாகாது.

உடலளவைப் பார்ப்போம் எனின், அதுவும் முழுமையன்று. திருவரங்கம் கோயிலிலிருந்து செங்ஙல்லூர் மனைக்குச் சென்ற ரங்கநாதன் என்னும் களிறு 11 அடிக்கு மேல் உயர்ந்தது. 1917 இல் மடிந்த அதன் எலும்புக்கூடு திருச்சூர் அருங்காட்சியகத்தில் உள்ளது. அத்தகைய பேருருவில் ஐயமில்லை. ஆனால் முதிர்ந்த பிடியும் இளங்களிறும் ஒரே அளவினவாய் இருத்தல் கூடும். ஓர் எலும்பின் நீளத்தை மட்டும் நம்பினால் தவறு நேரும்.

அறிஞர் நாடுவது இடுப்பெலும்பை. பிடியின் இடுப்பு வளையம் அகன்றிருக்கும். ஏறத்தாழ 100 கிலோ எடையுள்ள கன்று அவ்வழியே பிறக்க வேண்டுமன்றோ? களிற்றில் வளையம் ஒடுங்கியும், பேருடலைத் தாங்கும் பக்க எலும்பின் தண்டு தடித்தும் இருக்கும். வளையத்தின் அகலத்தைத் தண்டின் மிகக் குறுகிய அகலத்தால் வகுத்தால், ஈவு பெரிதாயின் பிடி; சிறிதாயின் களிறு. வகுக்கும்போது உடலின் பெருமை சிறுமை கழிந்துவிடுகிறது. கணக்கேட்டோடு பழகிய எழுத்தராகிய நமக்கு இம்முறையின் எளிமை வியப்பளிக்கிறது. ஆயினும் இது வளர்ந்த விலங்குக்கே பொருந்தும். கன்றின் எலும்பில் இவ்வேறுபாடு தெளிவாகாது.

அமெரிக்காவின் தென் டகோட்டாவில், ஹாட் ஸ்பிரிங்ஸ் என்னுமிடத்தில், 1974 இல் மாமூத் எனும் அழிந்துபோன யானையினத்தின் எலும்புகள் வெளிப்பட்டன. இடுப்பெலும்பை அளந்தபோது பெரும்பாலானவை களிறுகள் எனத் தெரிந்தது. தாய்க்கூட்டத்தை நீங்கித் தனித்துத் திரிந்த இளங்களிறுகளே அக்குழியில் வீழ்ந்தன என்பர் ஆய்வாளர்.

இவ்வறிவால் நமக்கென்ன பயன்? தந்த வேட்டை களிற்றையே குறிவைக்கிறது. பெரியாற்றுக் காட்டில் 1980களின் இறுதியில் வளர்ந்த களிறு ஒன்றுக்கு நூற்றுக்கு மேற்பட்ட பிடிகள் எனும் அவலநிலை ஏற்பட்டது. களிறு குறைந்தால் கன்றும் குறையும். மடிந்தது எது என்று அறிந்தாலன்றோ காடு இழந்தது எது என்பதும் விளங்கும்!

ஆகவே, மலைப்பக்கம் செல்வோர் யானை எலும்பைக் கண்டால், நினைவுப்பொருளென எடுத்து வராமல் வன அலுவலகத்திற்கு அறிவியுங்கள். இடம் பெயர்ந்த எலும்பு பாதி உண்மையை இழந்துவிடும். நம் இளைஞர் இத்துறையை நாடிக் கற்க வேண்டும் என விழைந்து அமைகிறோம்.