ஈறில் இரத்தம் வந்தால்...
(ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாமில் ஈறுநோய் சிறப்பு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் ஈறுநோய்களுக்குச் சிகிச்சை அளிக்கும் பல் மருத்துவர். பயிற்சிக் காலத்தையும் சேர்த்து பி.டி.எஸ். 5 ஆண்டுகள், அதன்பின் இத்துறையில் எம்.டி.எஸ். 3 ஆண்டுகள் படித்தேன். இவ்வளவு படித்தபின் நான் அன்றாடம் முதலில் செய்வது அளப்பதுதான். மில்லிமீட்டர் கோடுகள் உள்ள மெல்லிய கருவியை ஈறுக்கும் பல்லுக்கும் இடையில் மெதுவாக இறக்கிப் பார்ப்பேன். 3 மி.மீ. வரை இறங்கினால் கவலையில்லை. 6, 7 என்று இறங்கினால், பெரும்பாலும் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்திருக்கும்.

"வலியே இல்லையே டாக்டர்" என்பார்கள். உண்மைதான். சொத்தைப் பல் வலித்து நம்மை எழுப்பிவிடும். ஈறுநோய் பெரும்பாலும் வலிப்பதில்லை. பல் ஆடத் தொடங்கிய பிறகே பலர் வருகிறார்கள். விசாரித்தால், "பள்ளியில் படிக்கும்போதே பல் தேய்த்தால் இரத்தம் வரும்" என்று சொல்பவர்கள் உண்டு.

இந்த இரத்தத்துக்கு என்ன பொருள்? டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் ஹரால்டு லோவும் அவரது குழுவினரும் நடத்திய ஆய்வு 1965இல் வெளிவந்தது. ஈறு நலமாக இருந்த 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. மீண்டும் துலக்கியதும் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. பல்லில் படியும் கிருமிப் படலமே காரணம் என்பது தெளிவாயிற்று.

அப்படியே விட்டால் என்ன ஆகும்? அதே லோவின் குழு 1970இல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களைப் பார்க்கத் தொடங்கி 15 ஆண்டுகள் தொடர்ந்தது. முறையாகப் பல் துலக்கும் பழக்கமோ பல் சிகிச்சையோ அவர்களுக்கு இல்லை. சுமார் 8 சதவீதத்தினருக்கு நோய் வேகமாகவும், 81 சதவீதத்தினருக்கு மிதமாகவும் முற்றியது. 11 சதவீதத்தினருக்கு மட்டும் ஈறு வீக்கத்தோடு நின்றது.

ஈறு வீக்கம் முழுமையாகக் குணமாகும். கரைந்த எலும்பைப் பழையபடி முழுவதும் கொண்டுவர என்னாலும் முடியாது. மேலும் கரையாமல் தடுக்கவே பாடுபடுகிறேன். குணமாகக்கூடிய அந்தக் கட்டத்தில் இருக்கும் பிள்ளைகள் என்னிடம் வருவதில்லை. உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவர்களிடம் நீங்கள் சொல்ல வேண்டியவை சில. இரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தைத் தவிர்க்கக் கூடாது. மென்மையான பிரஷ்ஷால் ஈறும் பல்லும் சேரும் விளிம்பில், காலையிலும் இரவு படுக்கும் முன்பும் துலக்க வேண்டும். இரண்டு வாரமாகியும் இரத்தம் நிற்காவிட்டால் அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் காட்ட வேண்டும். "பல்லைச் சுத்தம் செய்தால் ஆடிவிடும்" என்று வீட்டில் சொல்வார்கள். பல்லை ஆட வைப்பது நோய். காரை அதை மறைத்திருக்கும், அவ்வளவுதான். உயர்நிலை வகுப்புகளில் புகையிலையைப் பற்றியும் பேசுங்கள். புகைப்பவர்களின் ஈறில் இரத்தக் கசிவு குறைவாகவே தெரியும். நோயோ உள்ளே வளரும்.

ஒரு வேண்டுகோள். வாய் நாற்றம் உள்ள பிள்ளையை வகுப்பில் பெயர் சொல்லிச் சுட்டாதீர்கள். வெட்கப்பட்ட பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். பிறகு யாருக்கும் காட்டாது. எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளையிடம் தனியே கேளுங்கள்.

உங்களில் நீரிழிவு உள்ளவர்கள் ஈறையும் ஆண்டுதோறும் காட்டிக்கொள்ளுங்கள். சர்க்கரை கூடினால் ஈறுநோய் முற்றும். ஈறுநோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும்.

நாளை வகுப்பில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பல் துலக்கும்போது யாருக்காவது இரத்தம் வருகிறதா?" கை தூக்கும் பிள்ளைகளுக்கு இன்னும் காலம் இருக்கிறது.