பதினைந்து அகவையின் தீர்ப்பு

(கோவில்பட்டியில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இளையோர் புதினங்களைப் பற்றி இளையோர் என்ன கருதுகின்றனர் என்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். வழக்கமாக நாம் இதனைத் தலைகீழாகவே பேசி வருகிறோம். இளையோர் எதனைப் படிக்கலாம், எதனைப் படிக்கலாகாது என்று முதியோர் கூடி முடிவு செய்வோம், பட்டியல் இடுவோம், பரிசு கொடுப்போம். படிக்கப் போகிறவனை மட்டும் ஒருவரும் கேளோம். மருந்து கொடுப்பவர் நோயாளியின் நாவைக் கேட்க வேண்டியதில்லைதான். ஆனால், கஞ்சி வார்க்கும் தாய் பிள்ளையின் முகத்தைப் பார்த்தன்றோ வார்க்கிறாள்? கதைநூலை நாம் மருந்தாகக் கொடுத்தோமெனில், பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை குடிப்பான், மறுமுறை ஓடிவிடுவான்.

அன்பர்களே, இது வெறும் பொழுதுபோக்கைப் பற்றிய பேச்சன்று. பத்து அகவை வரை நம் பிள்ளைகள் தமிழில் கதை கேட்கின்றனர், படிக்கின்றனர். இருபது அகவைக்கு மேல் நாட்டமுள்ளோர் தமிழ்ப் புதினங்களைத் தேடிச் செல்கின்றனர். இடைப்பட்ட பதின்மூன்று முதல் பதினெட்டு வரையிலான ஆண்டுகளில் என்ன நடக்கிறது? தேர்வுக்கென்று உரைநூல், கைக்கென்று கைப்பேசி, ஆங்கிலம் அறிந்த வீட்டில் ஆங்கிலக் கதைநூல்! தமிழ் அந்த ஆறு ஆண்டுகளில் மதிப்பெண்ணுக்குரிய பாடமாகச் சுருங்கிப் போகிறது. காதலும் சினமும் நாணமும் நட்பும் முதன்முதலாக நெஞ்சில் மோதும் அகவை அது. அந்த அகவையில் தன் நெஞ்சைத் தன் தாய்மொழியில் படித்தறியாதவன், பிறகு தாய்மொழியில் எண்ணுவான் என்று எவ்வாறு எதிர்பார்ப்பது?

முன்னைய நிலையையும் சிறிது பார்ப்போம். 1947-இல் அம்புலிமாமா தோன்றிற்று. ஊரூராகச் சிறுவரை ஈர்த்தது. 1972-இல் நமக்கு அணித்தே உள்ள சிவகாசியிலிருந்து முத்து காமிக்சு என்னும் படக்கதை வெளியீடு கிளம்பி, இரும்புக்கை மாயாவியை இக்கரிசற்காட்டுப் பிள்ளைகளின் கைகளில் கொண்டுவந்து சேர்த்தது. பாவலரேறு பெருஞ்சித்திரனார் சிறுவர்க்கென்றே தமிழ்ச்சிட்டு என்னும் இதழை நல்ல தமிழில் நடத்தினார். 2022-இல் தமிழக அரசின் பள்ளிக் கல்வித்துறை நான்காம், ஐந்தாம் வகுப்பினர்க்கு ஊஞ்சல் என்றும், ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையுள்ளோர்க்குத் தேன்சிட்டு என்றும் இதழ்களைத் தொடங்கிற்று. இவை யாவும் போற்றத்தக்கன. ஆயினும், ஒன்பதாம் வகுப்போடு ஊஞ்சலும் சிட்டும் நின்றுவிடுகின்றன. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு நாம் கையில் கொடுப்பது வினாவிடைத் தொகுப்பு ஒன்றே!

மேலைநாட்டில் இவ்விடைவெளியை நிரப்பியவர் யார் தெரியுமா? அமெரிக்காவின் தல்சா நகரத்துப் பள்ளி மாணவியொருத்தி. எசு. ஈ. இண்டன் என்பது அவர் பெயர். தம்மையொத்த பிள்ளைகளின் உண்மை வாழ்வைச் சொல்லும் நூல் இல்லையே என்று மனங்குறைந்து, பதினைந்தாம் அகவையில் எழுதத் தொடங்கினார். புறத்தார் என்று பொருள்படும் பெயரோடு அப்புதினம் 1967-இல் வெளிவந்தது. இளையோர் புதினம் என்னும் தனித்துறை அங்குக் கால்கொள்ள அந்நூல் பெருந்துணை செய்தது. எண்ணிப் பாருங்கள்! ஒரு மாணவியின் குறைகூறல், ஓர் இலக்கியத் துறைக்கே வித்தாயிற்று.

நம் கரிசல் மண்ணுக்கு வருவோம். வானம் பொய்க்கும் மண் இது. ஆயினும் கதை பொய்க்காத மண். இடைசெவல் என்னும் ஒரே சிற்றூரில், 1923 என்னும் ஒரே ஆண்டில், கி. இராசநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்தனர். பூமணியும் சோ. தருமனும் இவ்வட்டாரத்தாரே. இளையோர்க்கெனவே எழுதி வரும் உதயசங்கர் நம் கோவில்பட்டிக்காரர். தொடர்வண்டி நிலைய மேலாளராகப் பணியாற்றியவர். அவர்தம் ஆதனின் பொம்மை என்னும் இளையோர் புதினத்திற்குச் சாகித்திய அகாதெமி 2023-ஆம் ஆண்டின் சிறார் இலக்கியப் பரிசை வழங்கிற்று. இக்காலச் சிறுவனொருவன் கீழடி மண்ணில் பழந்தமிழ்ச் சிறுவன் ஆதனைக் காணும் கதை அது. ஆதன் என்பது கற்பனைக்கென்று புனைந்த பெயரன்று. கீழடிப் பானையோடுகளிலேயே கீறப்பட்டுள்ள பெயர்.

இனி, பிள்ளைகள் சொல்வதைக் கேளுங்கள். நூல் படித்து முடித்த மாணாக்கரை நான் 'இக்கதையால் பெறும் படிப்பினை யாது?' என்று கேட்பதில்லை. அவ்வாறு கேட்டால் நம் முகத்திற்கேற்ற விடைதான் வரும். மூன்றே கேள்விகள் கேட்பேன்: எந்தப் பக்கத்தில் நூலை மூடத் தோன்றிற்று? எந்த ஆளை மறக்க முடியவில்லை? இந்நூலை யாருக்குக் கொடுப்பாய்? இவற்றிற்கு வரும் விடைகள் வியப்பானவை.

ஓர் அரச கதையைப் படித்தவன் சொன்னான்: "ஐயா, ராசா குதிரையில ஏறுறதுக்குள்ள மூணு பக்கம் போயிருது." மற்றொருவன்: "கதைய நிப்பாட்டிட்டு நடுவுல நமக்குப் பாடம் நடத்துறாரு ஐயா." இன்னொருத்தி: "முதல்ல நல்லா ஓடுச்சு, கடைசியில சட்டுனு எல்லாத்தையும் முடிச்சு வச்சுட்டாரு." புலவர் பெருமக்களே, இவை எங்கோ கேட்ட தீர்ப்புகளாகத் தோன்றவில்லையா? பவணந்தியார் நூலுக்குரிய குற்றங்கள் பத்து என்று நன்னூலில் வகுத்தாரே! முதலாமவன் சொன்னது மிகைபடக் கூறல். இரண்டாமவன் சொன்னது மற்றொன்று விரித்தல். அம்மாணவி சொன்னது சென்று தேய்ந்து இறுதல். நன்னூலை ஓதாத பிள்ளைகள் நன்னூலின் தீர்ப்பையே வழங்குகின்றனர். சுவையறியும் திறன் இம்மண்ணின் பிள்ளைகளிடம் இயல்பாகவே உள்ளது. அதனைக் கேட்பதற்கு நமக்குச் செவி வேண்டும்.

ஆதனின் பொம்மையைப் படித்த ஒருவன் வேறொரு கேள்வி எழுப்பினான்: "கீழடி வரைக்கும் போயிருக்காங்களே, நம்ம மாவட்டத்துலயே இருக்கிற சிவகளைக்கும் ஆதிச்சநல்லூருக்கும் யாரு ஐயா போவா?" சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை செல்வதாக 2025 சனவரியில் தமிழக அரசு அறிக்கை வெளியிட்டது. அறிஞர் அறிக்கை எழுதுவர். அரசு அதனை அச்சிடும். ஆனால், ஐயாயிரம் ஆண்டுக்கு முந்தைய அவ்வுலைக்களத்தில் துருத்தி ஊதிய சிறுவன் ஒருவனை நம் பிள்ளையின் தோழனாக்கிக் காட்ட ஒரு கதை வேண்டும் அல்லவா? அதைத்தான் அப்பையன் கேட்கிறான்.

அந்நூலின் பெயர் குறித்தே ஒரு வழக்கு எழுந்தது. 'பொம்மை என்பதற்குப் பாவை என்றிருக்கலாகாதா?' என்று நம்மனோர் கேட்பது இயல்பு. நானும் அதனை வகுப்பில் கேட்டு வைத்தேன். ஒருத்தி எழுந்து, "பாவைன்னா பாட்டுல இருக்கும் ஐயா, பொம்மைன்னாத்தான் கையில வச்சு விளையாட முடியும்" என்றாள். அவள் சொல்லில் நமக்கு ஒரு பணி அடங்கியிருக்கிறது. பாவை என்னும் அழகிய சொல் பாட்டிலும் கூத்திலும் நின்றுவிட்டது, தொட்டிலருகே வரவில்லை. சொற்பட்டியலில் எழுதிவைத்து ஒரு சொல்லை மீட்டுவிட முடியாது. பாவையை மடியில் கிடத்தித் தாலாட்டும் ஒரு சிறுமியைக் கதையில் உலவவிட்டால், அவளைப் பின்பற்றிப் பல வீடுகளில் அச்சொல் உயிர்த்தெழும்.

அடுத்து, பூமணியின் வெக்கை. 1982-இல் வெளிவந்தது. அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு ஓடும் சிதம்பரம் என்னும் பதினைந்து அகவைச் சிறுவனின் கதை. 2019-இல் அசுரன் என்று திரைப்படமாயிற்று. வெட்டும் குத்தும் நிறைந்த நூலைப் பள்ளிப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று பெற்றோர் சிலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் மதிக்கத்தக்கதே. எனவே பதினொன்றாம் வகுப்புக்குக் கீழ் நான் அதனைக் கொடுப்பதில்லை. படித்தோர் சொன்னது யாது? ஒருவன், "படத்துல அப்பாதான் பெரிய ஆளு, புத்தகத்துல எங்க வயசுப் பையன்தான் எல்லாம். ஆனா அவன் வீரன் இல்ல ஐயா, பாவம்" என்றான். அந்த ஒரு சொல், 'பாவம்' என்பது, நூறு அறிவுரைகளுக்கு ஈடு. வெட்டியவனுக்கு மாலை சூட்டாமல், அவனுக்காக நெஞ்சு நோகப் பிள்ளை கற்றுக்கொண்டுவிட்டான். ஒரு மாணவியோ, "காட்டுக்குள்ள ஓடினவங்க கதை இருக்கு. வீட்டுப் பொம்பளைக பட்ட பாட்டை யாரு எழுதுவா?" என்றாள். தேர்ந்த திறனாய்வாளரும் கேட்கத்தக்க கேள்வி அது!

இங்கே நம் இயக்கத்தார்க்கு ஒன்று சொல்ல விழைகிறேன். வட்டார வழக்கில் எழுதினால் தமிழ் கெடும் என்போர் நம்முள் உளர். பிள்ளைகளோ அவ்வழக்கைக் கண்டதும், "எங்க ஆச்சி பேசுற மாதிரியே இருக்கு" என்று முகம் மலர்கின்றனர். சற்றே ஆராய்ந்து பாருங்கள். வெக்கை, சூல், கூகை, பிஞ்சுகள், பிறகு! இவை கரிசல் எழுத்தாளர் தம் நூல்களுக்கு இட்ட பெயர்கள். இவற்றுள் வடசொல் எது? கூகை வள்ளுவர் ஆண்ட சொல். நம் உழவர் நாவில் இன்றும் உள்ளது. கற்றார் நாவில் வடமொழியும் ஆங்கிலமும் ஏறி அமர்ந்தபோது, பருத்திக்காட்டிலும் கம்மாய்க்கரையிலும் தமிழைக் காத்து வந்தவர் எழுத்தறியா நம் பாட்டிமார். கி. இராசநாராயணன் கரிசல் சொற்களைத் திரட்டி அகராதியே ஆக்கினார். கொச்சையைக் களைவோம்; வேற்றுச்சொல்லை விலக்குவோம்; ஆனால் ஆச்சியின் சொல்லைக் களையென்று பிடுங்கிவிடலாகாது. தூய தமிழில் எழுதும் நம் இளையோர் கதை, பண்டிதர் மேடைப் பேச்சாக ஒலித்தால் அப்பிள்ளைகள் மூன்றாம் பக்கத்தில் மூடிவிடுவர். ஆச்சியின் நாவில் நின்று ஒலித்தால் விடியும்வரை படிப்பர்.

ஆகவே நாம் செய்யத்தக்கவை சில. பள்ளி நூலகத்திற்கு நூறு நூலை ஒவ்வொரு படியாகக் கொடுப்பதினும், பத்து நூலைப் பத்துப் பத்துப் படியாகக் கொடுங்கள். ஒரே நூலைப் பத்துப் பேர் ஒருங்கே படித்தால்தான் அவர்களுக்குள் வழக்காடல் பிறக்கும். இளையோர்க்கென எழுதுவோர், அச்சேற்றுமுன் கையெழுத்துப் படியை அவ்வகவையினர் சிலர்க்குப் படிக்கக் கொடுத்து, எங்கே மூடினர் என்று கேட்டறிக. நம் மன்றங்கள் திருமணத்திற்கும் பிறந்தநாளுக்கும் பரிசளிக்கையில், வீட்டிலுள்ள பதின்ம அகவைப் பிள்ளைக்கென்று ஒரு தமிழ்ப் புதினம் சேர்த்துக் கொடுக்கட்டும். திங்களுக்கு ஒரு மாலை, பிள்ளைகள் பேசப் பெரியோர் வாய்மூடிக் கேட்கும் கூட்டம் ஒன்று ஊர்தோறும் நடக்கட்டும். 'தவறு' என்று இடைமறிக்கும் உரிமை அன்று நமக்கு வேண்டா.

இறுதியாக ஒன்று. அண்மையில் ஒரு மாணவி என்னிடம், "எங்க அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிட்டு வந்து, ராத்திரியில கை எரியுதுன்னு தேங்காயெண்ணெய் தடவுவாங்க. அது எந்தக் கதையிலயாவது வருமா ஐயா?" என்று கேட்டாள். நூலகத்தில் தேடித் தருகிறேன் என்று சொல்லவில்லை. ஒரு குறிப்பேட்டை எடுத்துக் கொடுத்தேன். "நீ எழுது அம்மா. உன் அம்மா பேசுவது போலவே எழுது" என்றேன். நான்கு பக்கம் எழுதி வந்திருக்கிறாள். பின்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறாள், பெயர் சொன்னால் நாணுவாள். பெரியோரே, தல்சா நகரத்துப் பெண் எழுதினாள் என்று வியந்தோம். தீப்பெட்டி நகரத்துப் பெண் எழுதுகிறாள். அவள் எழுதி முடிக்கும்போது அச்சிட ஒரு பதிப்பகமும், விலை கொடுத்து வாங்க நூறு வீடுகளும் இங்கே இருத்தல் வேண்டும். அது நம் கடன்.